இரண்டு மணி நேரம் சுட்டும் விழாத விமானம்

1933 ஜனவரி. மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் ஹோம் ஃப்ளீட் என்ற கடற்படைப் பிரிவின் கப்பல்கள் ஒரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தப் பார்க்கின்றன. விமானம் ஒன்றே ஒன்றுதான். ஃபேரி நிறுவனம் செய்த பழைய இரட்டை இறக்கை விமானம், மணிக்கு 200 கி.மீ. சுற்றித்தான் அதன் உச்ச வேகம், துணி போர்த்திய இறக்கை. திருப்பிச் சுடாது, ஒளிந்துகொள்ளாது, எப்போது வரும் என்பதும் கப்பலில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். இரண்டு மணி நேரம் சுட்டும் அது விழவில்லை. நல்லபடியாகக் கடலில் இறங்கிவிட்டது. அதற்குள் ஆளே இல்லை.

ரேடியோவால் ஓட்டப்பட்ட இலக்கு விமானங்களின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை "ட்ரோன்களின் தாத்தா" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்றைய கடற்படைகள் தங்கள் பீரங்கிகள் மேல் வைத்திருந்த நம்பிக்கையை முதன்முதலில் நேர்மையாகச் சோதித்தது இந்த ஆளில்லா விமானம்தான். அதுவரை நடந்த பயிற்சி எல்லாமே, கேள்வித்தாளை முன்பே கையில் கொடுத்துவிட்டு வைத்த பரீட்சை மாதிரி.

அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்று பார்த்தால் இது புரியும். ஒரு விமானம் நீளமான கம்பியைப் பின்னால் கட்டி, அதன் நுனியில் துணியால் செய்த பெரிய காற்றுப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு பறக்கும். பீரங்கிக்காரர்கள் அந்தப் பையைச் சுட வேண்டும். இழுக்கும் விமானத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அதனால் யாரும் தைரியமாகச் சுட முடியாது. அவரும் நேராக, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில்தான் போவார், திடீரென்று திரும்பினால் பை எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. உண்மையான எதிரி விமானம் கப்பலை நோக்கி வரும், பாயும், விலகும். பையோ கப்பலுக்குப் பக்கவாட்டில் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும். இதைச் சுட்டுப் பழகியவர்கள் "எங்களால் விமானத்தை வீழ்த்த முடியும்" என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் மேல் பெரிய பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1921-ல் அமெரிக்காவில் ராணுவ விமானப் பிரிவைச் சேர்ந்த பில்லி மிட்செல், போருக்குப் பின் ஜெர்மனி ஒப்படைத்த ஓஸ்ட்ஃபிரீஸ்லாந்து என்ற போர்க்கப்பலை விமானத்திலிருந்து குண்டு போட்டு மூழ்கடித்துக் காட்டினார். கடற்படைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நின்றுகொண்டிருந்த கப்பல், ஆளில்லாத கப்பல், திருப்பிச் சுடாத கப்பல், அதை மூழ்கடித்தது ஒரு சாதனையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கப்பல் திருப்பிச் சுட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது, ஏனென்றால் உயிருள்ள ஒரு விமானியை மேலே அனுப்பிவிட்டு "சுடுங்கள்" என்று சொல்ல முடியாது.

சுடுவதில் அப்படி என்ன கஷ்டம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானம் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வருகிறது என்றால், வினாடிக்கு ஏறக்குறைய 44 மீட்டர். நாலைந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் விமானத்தைச் சுட்டால் குண்டு அங்கே போய்ச் சேரப் பத்து வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து வினாடியில் விமானம் 440 மீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது, விமானம் இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பயனில்லை, பத்து வினாடி கழித்து இருக்கப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. அந்தக் குண்டு விமானத்தின் மேல் நேரடியாகப் படுவது அபூர்வம், அதனால் அதற்குள் ஒரு நேர ஃப்யூஸ் இருக்கும். இத்தனை வினாடியில் வெடி என்று சுடுவதற்கு முன்பே முடுக்கி வைப்பார்கள். அரை வினாடி தவறினாலும் குண்டு ஆகாயத்தில் வேறெங்கோ வெடித்துப் புகை விட்டுவிட்டுப் போகும். திசை, உயரம், நேரம் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதற்கென்று இருந்த கணக்குப் பொறி, விமானம் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டது. துணிப்பைக்கு அது பொருந்தும். உயிர் பிழைக்க நினைக்கும் விமானிக்குப் பொருந்தாது.

சரி, ஆளில்லாமல் ஒரு விமானத்தைப் பறக்கவிட வேண்டும் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? ரேடியோ மூலம் ஒரு பொருளை ஓட்டலாம் என்று நிக்கோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க்கில் ஒரு சின்னப் படகை வைத்துக் காட்டிவிட்டார். விமானத்துக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆர்ச்சிபால்ட் லோ என்ற ஆங்கிலேயர். முதல் உலகப்போரின் நடுவில் அவர் தலைமையில் ஒரு ரகசியக் குழு வேலை செய்தது. அவர்கள் செய்த விமானத்துக்கு வைத்த பெயர் "ஏரியல் டார்கெட்", அதாவது வான் இலக்கு. ஆனால் அது இலக்கே இல்லை. வெடிமருந்து ஏற்றிக்கொண்டு போய் ஜெர்மானியரின் செப்பலின் வான்கப்பல்களையும் தரையிலுள்ள இடங்களையும் தாக்க வேண்டும் என்பதுதான் உண்மையான நோக்கம். பெயரைக் கேட்கும் உளவாளி, இது ஏதோ பயிற்சிச் சாமான் என்று நினைத்துப் போகட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். 1917 மார்ச்சில் இங்கிலாந்தின் அப்பேவன் மைதானத்தில் ஒரு லாரியின் மேலிருந்து, அழுத்தப்பட்ட காற்றால் தள்ளி அதை ஏவினார்கள். பறந்தது, ரேடியோவுக்குக் கொஞ்சம் அடங்கியது, அப்புறம் விழுந்தது. எதிரியை ஏமாற்ற வைத்த பெயர் பதினைந்து வருஷம் கழித்து அப்படியே உண்மையாகிப் போனது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

போர் முடிந்ததும் பணமும் அவசரமும் போய்விட்டன, வேலை மட்டும் மெதுவாக நடந்தது. 1924 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை வர்ஜீனியாவின் டால்கிரனில் ஒரு மிதவை விமானத்தை ஆளில்லாமல் 40 நிமிடம் ரேடியோவால் ஓட்டியது. இறங்கும்போது அது சேதமாகி மூழ்கிவிட்டது. பிரிட்டனிலும் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தார் அதே காலத்தில் கடலில் ஏவிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் கடற்படைகள் இன்னொரு காரியத்தில் கை தேர்ந்துவிட்டன. அகமெம்னான், செஞ்சூரியன் என்ற பழைய போர்க்கப்பல்களை ஆளில்லாமல் ரேடியோவால் ஓட்டி, அவற்றைச் சுட்டுப் பழகினார்கள். கப்பலுக்கு இது எளிது. கட்டளை வர ஒரு வினாடி தாமதமானாலும் கப்பல் கவிழ்ந்துவிடாது. விமானம் அப்படி இல்லை.

இந்தக் கஷ்டத்தை நான் சின்ன அளவில் பார்த்திருக்கிறேன். நண்பரின் ரிமோட் விமானத்தை ஒரு மைதானத்தில் முதல்முறை ஓட்டியபோது, அது என்னைவிட்டு விலகிப் போகும்வரை எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி என்னை நோக்கி வர ஆரம்பித்ததும் இடதும் வலதும் மாறிவிட்டன. நான் இடப்பக்கம் தள்ளினால் அது என் வலப்பக்கம் போனது. கண் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்தது. அது கைக்குள் அடங்கும் நவீனக் கருவி, குச்சியை எவ்வளவு தள்ளினால் சுக்கான் அவ்வளவு திரும்பும். 1930-களில் தரையில் நின்று பல கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் முழு அளவு விமானத்தை ஓட்டியவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

அவர்களிடம் இருந்தது டெலிபோன் டயல். நிஜமாகவே, பழைய கறுப்புப் போனில் விரலை விட்டுச் சுற்றுவோமே, அந்த மாதிரிச் சுழல் டயல். வீட்டில் அந்தப் போன் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், எண்ணைச் சுற்றிவிட்டு விரலை எடுத்தால் டயல் "கர்ர்ர்" என்று தன் இடத்துக்குத் திரும்பும். அந்தச் சத்தத்தில்தான் சங்கதி இருக்கிறது. டயல் திரும்பும்போது மின்சுற்று விட்டு விட்டு அறுபடும், 3 சுற்றினால் மூன்று முறை, 7 சுற்றினால் ஏழு முறை. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பொறி அந்தத் துடிப்புகளை எண்ணி அத்தனை படி நகரும். அன்றைய ரேடியோ சிக்னலை அனுப்பலாம், நிறுத்தலாம், சுருக்கமாகச் சொன்னால் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு "இடப்பக்கம் திரும்பு", "மேலே ஏறு", "இறங்கு" என்று பல கட்டளைகளை எப்படி அனுப்புவது? டெலிபோன்காரர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த வழியை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு கட்டளை. விமானத்துக்குள் ரிலே என்ற மின்சார சுவிட்ச் துடிப்புகளை எண்ணி, அதற்குரிய வால்வைத் திறக்கும், அழுத்தப்பட்ட காற்று பாய்ந்து சுக்கானைத் திருப்பும். போன் டயலின் வேகம் வினாடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு என்பதால் பெரிய எண்ணைச் சுற்றினால் கட்டளை போய்ச் சேரவே ஒரு வினாடி ஆகிவிடும். ஒரு வினாடியில் விமானம் 44 மீட்டர் போயிருக்கும் என்று மேலே பார்த்தோம்.

ஆகவே கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவில் விமானம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று தட்டினால் யாரும் சொல்லாமலே நிமிர வேண்டும். கைரோஸ்கோப் என்ற சுழலும் சக்கரம் அந்த வேலையைச் செய்தது. மற்றபடி விமானத்தின் உடம்பையே அதற்கேற்ப மாற்றினார்கள். இறக்கைகளை நுனிப்பக்கம் மேல்நோக்கிக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கி வைத்தால், விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே சமநிலைக்கு வரப் பார்க்கும். ஃபேரி குயீன் என்று பெயரிட்ட அந்த விமானத்தில் இதைச் செய்தார்கள். மொத்தம் மூன்று. 1932-ல் முதல் இரண்டும் கப்பலின் கேடபுல்ட் என்ற எய்யும் பொறியிலிருந்து எய்த சில வினாடிகளில் கடலில் விழுந்தன. இரண்டு விமானம் போன பிறகும் மூன்றாவதை எய்தார்களே, அதைத்தான் நான் பாராட்டுவேன். மூன்றாவது பறந்தது. 1933 ஜனவரியில் இரண்டு மணி நேரம் குண்டு மழையில் நனைந்துவிட்டுத் திரும்பியதும் அதுதான். அந்த ஆண்டு மே மாதம் மால்டாவுக்கு அருகே ஷ்ராப்ஷயர் என்ற கப்பல் ஒருவழியாக அதை வீழ்த்தியது.

இந்தப் பரீட்சையைக் கடற்படை எப்படி எடுத்துக்கொண்டது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நல்ல முடிவு ஒன்றை எடுத்தார்கள், இப்படிப்பட்ட விமானங்கள் இன்னும் நிறைய வேண்டும் என்று. அதில் பிறந்ததுதான் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் குயீன் பீ, ராணித் தேனீ. புதிதாக எதையும் வரையாமல் கையில் இருந்ததை வைத்துச் செய்த விமானம் அது. இறக்கையும் எஞ்சினும் புகழ்பெற்ற டைகர் மாத் பயிற்சி விமானத்துடையது. உடல்பகுதி மட்டும் மாத் மேஜர் என்ற வேறொரு விமானத்தின் மர உடல். டைகர் மாத்தின் உடலில் எஃகுக் குழாய்கள் உண்டு. மரம் மலிவு, அதோடு கடலில் விழுந்தாலும் மிதக்கும், கிரேன் வைத்துத் தூக்கி மறுபடி பழுது பார்க்கலாம். 1935 ஜனவரியில் ஹேட்ஃபீல்டில் முதல்முறை பறந்தபோது முன் இருக்கையில் ஒரு விமானி உட்கார்ந்திருந்தார். பின் இருக்கையில் ரேடியோவும் வால்வுகளும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக விமானி வேண்டும் என்பதால் முன் இருக்கையை அப்படியே விட்டுவைத்தார்கள்.

இறங்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் தூரத்தில் நிற்பவருக்கு விமானம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது கண்ணால் தெரியாது. விமானத்திலிருந்து ரேடியோ சிக்னலை வாங்கும் ஏரியல் கம்பி ஒன்று கீழே தொங்கும், அதன் நுனியில் ஒரு எடை. விமானம் மெல்ல இறங்கி வர, அந்த எடை முதலில் தண்ணீரைத் தொடும். தொட்டதும் கம்பி இழுபடும், உள்ளே ஒரு சுவிட்ச் விழும், எஞ்சின் அணையும், விமானத்தை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் என்ற வால் பலகை மேலே போகும், விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் உட்காரும். விமானியின் கண் செய்கிற வேலையை ஒரு கம்பியும் ஒரு எடையும் செய்துவிட்டன. ரேடியோ சிக்னல் அறுந்துபோனாலும் தானே இறங்கிவிடும்படி ஏற்பாடு இருந்தது. இன்று விற்கும் ட்ரோன்களில் சிக்னல் போனால் தானே திரும்பி வரும் வசதியைப் பெரிதாகச் சொல்கிறார்களே, அந்தக் கவலை அன்றே வந்துவிட்டது.

குயீன் பீ ஏறக்குறைய 400 செய்தார்கள். 1941 ஜூனில், போர் உச்சத்தில் இருக்கும்போது, சர்ச்சிலே ஒரு குயீன் பீயை ஏவுவதைப் பார்க்க வந்து நிற்கும் புகைப்படம் இருக்கிறது.

தேனீ என்ற பெயர் அமெரிக்காவுக்குப் போய் வேறு உருவம் எடுத்தது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்டேண்ட்லி 1935-ல் பிரிட்டனில் குயீன் பீயைப் பார்த்துவிட்டு, நமக்கும் இது வேண்டும் என்று ஊர் திரும்பினார். வேலை டெல்மர் ஃபார்னி என்ற அதிகாரி கையில் வந்தது. அவர் தன் விமானங்களை "ட்ரோன்" என்று அழைக்க ஆரம்பித்தார், ஆங்கிலத்தில் ஆண் தேனீக்கு அதுதான் பெயர். ராணித் தேனீக்கு மரியாதை செய்யும் விதமாக வைத்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் ரீங்காரமிட்டுப் படம் பிடிக்கும் பொருளுக்கு நாம் சொல்லும் பெயர், சுடப்படுவதற்காகவே செய்த ஒரு விமானத்திலிருந்து வந்தது.

ஃபார்னியின் ட்ரோன் 1937 நவம்பரில் ஆளில்லாமல் பறந்தது. அவர் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார். தரையில் நிற்பவர் மட்டும் ஓட்டாமல், இன்னொரு விமானத்தில் பின்னாலேயே போய் அதிலிருந்தும் ஓட்டலாம் என்று ஆக்கினார். இடது வலது மாறும் தொல்லை இதில் பெருமளவு தீர்ந்துவிடும், பின்னாலிருந்து பார்க்கும்போது ட்ரோனின் இடமும் நம் இடமும் ஒன்றுதான். 1938 ஆகஸ்டில் ரேஞ்சர் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இந்த ட்ரோனைச் சுட்டது. அடுத்த மாதம் யூட்டா என்ற கப்பலின் மேல் ஒரு ட்ரோனைச் செங்குத்தாகப் பாய விட்டார்கள், உண்மையான டைவ் பாமர், அதாவது கீழே பாய்ந்து குண்டு போடும் விமானம், பாய்வது போல. இழுத்துச் செல்லும் துணிப்பையை வைத்து ஒருநாளும் செய்ய முடியாத பரீட்சை இது. யூட்டாவும் ஒரு காலத்தில் ரேடியோவால் ஓட்டப்பட்ட இலக்குக் கப்பல்தான். இந்தச் சோதனைகளைப் பார்த்த ஃபார்னி, இதே ட்ரோனில் குண்டைக் கட்டி அனுப்பினால் கப்பல்களால் தடுக்க முடியாது என்று மேலிடத்துக்கு எழுதினார். ஆர்ச்சிபால்ட் லோ ஆரம்பித்த இடத்துக்கே யோசனை திரும்பி வந்துவிட்டது.

கடற்படை இப்படி முழு அளவு விமானங்களோடு போராடிக்கொண்டிருந்தபோது, ஹாலிவுட்டில் ஒரு நடிகர் வேறு வழியில் வந்தார். ரெஜினால்ட் டென்னி, இங்கிலாந்தில் பிறந்தவர், முதல் உலகப்போரில் விமானப்படையில் இருந்தவர், அப்புறம் அமெரிக்காவில் பிரபல நடிகர். பொம்மை விமானங்கள் மேல் அப்படி ஒரு ஆசை, ஹாலிவுட்டில் அதற்கென்று கடையே திறந்துவிட்டார். பீரங்கிப் பயிற்சிக்கு இவ்வளவு பெரிய விமானம் எதற்கு, பெரிய பொம்மை போதுமே என்பதுதான் அவர் கேள்வி. 1935-லேயே ராணுவத்துக்கு ஒன்றைக் காட்டினார், சரிவரவில்லை. மாற்றி மாற்றிச் செய்து, நாலைந்து வருஷம் கழித்துத்தான் ராணுவம் வாங்கியது. அவருடைய ரேடியோபிளேன் நிறுவனத்தின் ஓகியூ-2 என்ற விமானத்துக்கு இறக்கை நீளம் 3.7 மீட்டர், எடை 50 கிலோவுக்குள், இரண்டே சிலிண்டர் எஞ்சின். கேடபுல்ட்டில் வைத்து எய்வார்கள், சுட்டு முடித்ததும் விழாமல் இருந்தால் பாராசூட்டை விரித்து இறக்குவார்கள். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் இந்த வகை ஏறக்குறைய 15,000 செய்துவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் போர்க்காலத்தில் ராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் எடுக்க, அவர் பின்னாளில் மர்லின் மன்றோ ஆனார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த 15,000 என்ற எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குயீன் பீ ஒன்றை வீழ்த்தினால் அது நஷ்டம். இந்தப் பொம்மையை வீழ்த்தினால் நஷ்டமில்லை, அதனால் சாதாரணச் சிப்பாய் ஒருவர் தன் கையால் அசையும் இலக்கைச் சுட்டு, அது உடைந்து விழுவதைத் தன் கண்ணால் பார்க்க முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் 1933-ல் அந்த விமானம் வைத்த பரீட்சையில் பீரங்கிகள் தேறவில்லை. ஃபேரி குயீனும் குயீன் பீயும் மெதுவான விமானங்கள், கருணையுள்ள பரீட்சகர்கள் என்றே சொல்ல வேண்டும். உண்மையான பரீட்சகர் 1941 டிசம்பரில் வந்தார். 7-ம் தேதி பேர்ல் ஹார்பரில் ஜப்பானிய விமானங்கள் வீசிய டார்பிடோக்களில் யூட்டா கவிழ்ந்தது, 58 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து மலேயாக் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களை, அவை ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இருக்கும்போதே விமானங்கள் மூழ்கடித்தன. 1921-ல் மிட்செலிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

குண்டுக்குள் இருந்த நேர ஃப்யூஸ்தான் பலவீனமான இடம் என்பது அதற்குள் பலருக்கும் தெரிந்திருந்தது. எத்தனை வினாடியில் வெடிக்க வேண்டும் என்று மனிதர் முன்கூட்டியே ஊகிப்பதற்குப் பதில், விமானம் பக்கத்தில் வந்துவிட்டது என்று குண்டே உணர்ந்து வெடித்தால் என்ன? அதற்குக் குண்டின் மூக்குக்குள் ஒரு சின்ன ரேடியோ வைக்க வேண்டும். பீரங்கியிலிருந்து கிளம்பும் உதையில் அந்த ரேடியோவின் வால்வுகள் என்ற கண்ணாடிக் குழாய்கள் உடையாமல் இருக்க வேண்டும், அதுதான் பெரும்பாடு. அமெரிக்காவில் மெர்ல் டியூவ் என்பவர் தலைமையில் விஞ்ஞானிகள் அதைச் செய்து முடித்தார்கள்.

அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க, மறுபடி ஆளில்லா விமானங்களைத்தான் கூப்பிட்டார்கள். 1942 ஆகஸ்ட், செசபீக் விரிகுடா, கிளீவ்லாண்ட் என்ற புதுக் கப்பல். சோதனை இரண்டு நாள் நடப்பதாகத் திட்டம், கையில் மூன்று ட்ரோன்கள். முதல் நாளே, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வெடிப்புகளில் மூன்றும் விழுந்துவிட்டன. இரண்டாம் நாள் சுடுவதற்கு எதுவும் மிச்சமில்லை.